உடம்பு நல்லா இருக்கும்போதும் தினமும் மாத்திரை ஏன்? எச்.ஐ.வி சிகிச்சையில் கோட்ரைமாக்சசோலின் வேலை இதுதான்!

தாம்பரம் சானடோரியம்னு சொன்னா பலருக்கும் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் வரக் காரணமே அங்குள்ள மருத்துவமனைதான். 1928-ல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து தொடங்கிய அந்த இடம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி-க்கு இலவச ஏ.ஆர்.டி சிகிச்சை தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

ஏ.ஆர்.டி மையங்களில், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு மாத்திரையும் தருவாங்க. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அப்புறம் எதுக்கு இது?

உள்ளே தூங்கும் ஒட்டுண்ணி

முக்கிய காரணங்களில் ஒன்று, டாக்சோபிளாஸ்மா என்ற ஒரே செல் ஒட்டுண்ணி. சரியா வேகாத இறைச்சி, பூனைக் கழிவு கலந்த மண், தண்ணீர் வழியாக இது உடலுக்குள் வரும். இதற்கு உடலுக்குள் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, பிறை வடிவில் வேகமாகப் பெருகுவது. இன்னொன்று, மூளையிலும் தசையிலும் கூடு கட்டி அடங்கிக் கிடப்பது.

எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் அது கூட்டுக்குள்ளேயே கிடக்கும். சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போனால் மறுபடி விழித்துப் பெருகும் ஆபத்து அதிகம். அது மூளையைத் தாக்கினால் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை எப்படித் தடுக்கிறது?

இரண்டாகப் பிரிய ஒட்டுண்ணிக்கு டி.என்.ஏ வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். மாத்திரையில் உள்ள சல்ஃபாமெத்தாக்சசோல், ஒட்டுண்ணி ஃபோலேட் தயாரிப்பதைத் தடுக்கிறது. டிரைமெத்தோபிரிம் அடுத்த படியில் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒட்டுண்ணியால் பெருக முடியாது. மனிதர்களுக்கு ஃபோலேட் சாப்பாட்டிலிருந்தே கிடைப்பதால், நம் செல்களுக்கு பாதிப்பு குறைவு.

இதுதான் சிக்கல்

கூட்டுக்குள் இருப்பதை இந்த மாத்திரையால் அழிக்க முடியாது. அதனால, "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்தினால், அது மறுபடி எழும். ஏ.ஆர்.டி-யால் சிடி4 ஏறி, அப்படியே நிலைத்த பிறகு இதை நிறுத்தலாம். ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை சாப்பிட்ட பிறகு தோலில் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் சல்ஃபா ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மையத்துக்குப் போய்க் காட்டுங்க.