மூளையைப் படம் பிடிக்கலாம். பிள்ளையை எடை போட முடியாது!

மனித மூளையின் எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அதற்குள் இருக்கும் நரம்புச் செல்களோ சுமார் 8,600 கோடி! அவை ஓயாமல் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக் கொண்டே இருக்கின்றன.

எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து வேலை செய்கிறது? இதைக் கண்டறிய உலகமெங்கும் விஞ்ஞானிகள் பாடுபட்டு வருகிறார்கள். மண்டையைத் திறக்காமல், ஊசிகூடப் போடாமல் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் அதிசயம்.

ரத்தம் சொல்லும் சேதி

காந்த சக்தியால் வேலை செய்யும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. குழாய் போன்ற அந்த யந்திரத்துக்குள் ஆளைப் படுக்க வைப்பார்கள்.

மூளையில் எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பிராண வாயு நிறைந்த ரத்தமும், பிராண வாயு குறைந்த ரத்தமும் காந்தத்தின் முன் ஒரே மாதிரி நடந்து கொள்வதில்லை. இந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று 1990-ம் ஆண்டில் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், எலிகளை வைத்து அவர் இந்தச் சோதனையை நடத்தினார்.

சும்மா இருந்தாலும் வேலை!

1995-ம் ஆண்டில் இன்னொரு புதுமை நடந்தது. அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பரத் பிஸ்வாலும் அவருடைய கூட்டாளிகளும் சிலரை யந்திரத்துக்குள் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். யாரும் கையை அசைக்கவில்லை. ஆனாலும் கையை ஆட்டுவிக்கும் இடது மூளைப் பகுதியும் வலது மூளைப் பகுதியும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின!

"சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகள் கூட்டாளிகள்." இந்த எண்ணத்தை வைத்து மூளைக்கே ஒரு வரைபடம் போடத் தொடங்கினார்கள். கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றில் 22 முதல் 35 வயது வரையுள்ள சுமார் 1,200 பேரைச் சோதித்தார்கள். அதன் பலனாக, மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைப் பிரித்துக் காட்டும் படம் 2016-ல் வெளிவந்தது.

தலை ஆடியது, கணக்கும் ஆடியது

ஆனால் படம் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுமா?

சிறுவர்களின் மூளையில் பக்கத்துப் பகுதிகளின் கூட்டு பலமாகவும், தூரத்துப் பகுதிகளின் கூட்டு பலவீனமாகவும் இருப்பதாக முன்பு ஆராய்ச்சிகள் கூறின. வயது ஏற ஏற இது மாறுகிறது என்றும் சொல்லப்பட்டது.

செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2012-ல் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். விஷயம் புரிந்தது. யந்திரத்துக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூடப் பொய்யான கூட்டு தோன்றி விடுகிறது! பெரியவர்கள் அசையாமல் படுத்திருப்பார்கள். குழந்தைகளால் அது முடியுமா? மூளையின் வித்தியாசம் என்று நினைத்ததில் ஒரு பங்கு, வெறும் தலை அசைப்பால் வந்த வித்தியாசம்.

தங்கள் துறையின் கணக்கைத் தாங்களே சோதித்து, குறையை உலகறியச் சொன்னார்களே, அந்த நேர்மைதான் விஞ்ஞானத்துக்குப் பெருமை.

அடுப்புப் புகை

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தெருவின் இரண்டு கோடியிலும் இரண்டு வீடுகள். தினமும் காலையில் இரண்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு புகைகிறது. ஒருவர் சொல்லித்தான் மற்றவர் அடுப்பு மூட்டினார் என்று ஆகுமா? பொழுது விடிந்தது, இருவரும் சமைக்கிறார்கள். அவ்வளவுதான்!

மூளையிலும் அப்படியே. இரண்டு பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்கலாம். அதனால் ஒன்று மற்றொன்றை நடத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது பகுதி ஒன்று இரண்டையும் நடத்தலாம்.

பெற்றோர் கவனிக்க!

மூளைப் படத்துக்கும் மனிதரின் புத்திக்கூர்மைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது. சுமார் 50,000 பேரின் படங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2022-ல் இதை வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பை நிச்சயமாகக் காட்டுவதற்கே ஆயிரக்கணக்கான பேரைச் சோதிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அப்படியிருக்க, ஒரே ஒரு குழந்தையை ஒரே ஒரு தடவை படம் பிடித்து, "இவன் கணக்கில் புலி, இவள் படிப்பில் மந்தம்" என்று யாராவது சொன்னால் நம்பலாமா? கூடவே கூடாது!

மூளையில் கட்டியா, ரத்தக் கசிவா என்று பார்க்க டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுக்க வேண்டும். அது உயிரைக் காக்கும். கட்டியை அகற்றும் முன் பேச்சுக்குரிய பகுதி எது என்று அறியவும் இந்தப் படம் உதவுகிறது.

ஆனால் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் யந்திரம் எதுவும் இல்லை. "மந்தம்" என்று ஒரு தடவை முத்திரை குத்திவிட்டால், அந்தச் சொல் பிள்ளையின் மனதில் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். நல்ல சாப்பாடு, போதுமான தூக்கம், அன்பான பேச்சு, பொறுமையான ஆசிரியர். பிள்ளை வளர இவைதான் வேண்டும். இவற்றைக் கொடுக்க எந்தப் பெற்றோரும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.