செல்போன் சாட்சியும் மலைக்காரரும்



1872-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த இந்திய சாட்சியச் சட்டம் 152 ஆண்டுகள் உழைத்துவிட்டு, நம்மைப் போலவே ஓய்வு பெற்றுவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பழையதில் 167 பிரிவுகள், புதியதில் 170. பெரும்பாலும் பழைய சரக்குதான், எண்கள்தான் மாறியிருக்கின்றன. ஆனால் ஒரு மாற்றம் கொல்லிமலைக்காரர்களான நம்மையும் தொடும்.

அந்தக் காலத்தில் வரப்புத் தகராறு என்றால் ஊர்ப் பெரியவர்தான் சாட்சி. இன்று கையில் இருக்கும் செல்போன்தான் சாட்சி. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியை ஒருவன் அறுத்துப் போட்டால், உடனே வீடியோ எடுத்துவிடுகிறோம். சரி, அது கோர்ட்டில் செல்லுமா?

பழைய சட்டத்தின் 65பி பிரிவுப்படி, வீடியோவை நகலாகக் கொடுத்தால் அதோடு ஒரு சான்றிதழ் வேண்டும். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும். புதிய சட்டத்தின் 63(4) பிரிவில் சான்றிதழ் இரண்டு பாகமாகிவிட்டது. முதல் பாகம் நாம் தருவது. இரண்டாம் பாகம் ஒரு நிபுணர் தருவது. வீடியோவின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். அந்த நிபுணர் யார் என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்லவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் அவரை எங்கே தேடுவது? அவருக்குக் கூலி யார் கொடுப்பது?

நிபந்தனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசாதவரைப் பேசியது போல் காட்டும் காலம் இது. பொய் வீடியோவால் ஓர் அப்பாவி உள்ளே போகக் கூடாது.

உண்மையான பதிவுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை நம் நாமக்கல் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2015-ல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்துவிட்டார். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமரா பதிவு பிறழவில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் வந்து இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் பிரதான குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். காகிதத்தை மட்டும் பார்க்காமல் உண்மையைத் தேடிப் போவது என்றால் இதுதான்.

2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஏழைக்கு வழியும் விட்டது. சொந்தக்காரரே கூண்டேறி அசல் போனைக் காட்டி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை. அடுத்தவரிடம் இருக்கும் கருவிக்குச் சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தரச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிடலாம். முடிந்த முயற்சியெல்லாம் செய்தும் கிடைக்காதவரைச் சட்டம் தண்டிக்காது.

புதிய சட்டத்துக்குப் பொருள் சொல்லும் நீதிபதிகள் இந்த மனதை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. நிபுணர் கையெழுத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் நாளே ஆதாரத்தைத் தள்ளாமல், அவகாசம் தர வேண்டும். சர்க்காரும் நீதிமன்ற வளாகத்திலேயே கட்டணமில்லாமல் இந்தச் சான்றிதழ் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காசுள்ளவன் வீடியோ சாட்சியாகும். இல்லாதவன் வீடியோ வெறும் படமாகிவிடும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். எதையாவது படம் பிடித்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். எடுத்த போனை விற்காமல், பதிவை அழிக்காமல், வெட்டி ஒட்டாமல் பத்திரமாக வையுங்கள். பேரப்பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்த தலைமுறை நாம், இதுவும் ஒரு பத்திரம்தான்.