ஃபேன் கிடைக்குது, பெஞ்ச் கிடைக்குது... டீச்சர் சம்பளம் யார் தருவா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் முத்தையாபுரம் வரும். உரத் தொழிற்சாலை, உப்பளங்கள், கொஞ்சம் தள்ளி வ.உ.சி. துறைமுகம். இங்கே உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நாலு பேர் சேர்ந்து ஒரு மாலை வகுப்பு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபேன் வேண்டுமென்றால் ஆள் கிடைப்பார்கள். பெஞ்ச், புத்தகப்பை, சுவரில் பெயிண்ட்... இதெல்லாம் கிடைக்கும். போட்டோ எடுக்கலாம், பெயர் எழுதலாம். ஆனால் தினமும் சாயங்காலம் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால், வருஷத்துக்கு 72,000. அதைக் கேட்டுப் பாருங்கள். 'சம்பளத்துக்கெல்லாம் தர மாட்டோமே' என்பார்கள். அக்கா நின்றால் வகுப்பும் நின்றுவிடும். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்!

நம் ஊர்ப்பக்கம் பெரிய குடும்பங்களின் அறக்கட்டளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் அவர்களே பள்ளி, மருத்துவமனை என நடத்துவார்கள். முருகப்பா குடும்பத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை அதற்கு ஓர் உதாரணம். நல்ல விஷயம்தான். ஆனால் வேறொருவர் நடத்தும் சின்ன அமைப்பை நம்பிப் பணம் கொடுப்பது வேறு ரகம்.

அதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகம் பணமில்லாமல் திணறிய 1909-ல், ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார். ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் இவர். அடுத்தடுத்து கொடுத்ததையும் சேர்த்தால் மொத்தம் 1,25,000 ரூபாய். சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். வீட்டு ஆள் சிறையில் இருக்கும்போது குடும்பம் சாப்பிட வேண்டுமே? போராட்டத்துக்கு அப்போது தேவைப்பட்டது கட்டடம் அல்ல, அன்றாடச் செலவுக்கான பணம்தான்.

அவர் பெயரில் 1919-ல் தொடங்கிய சர் ரத்தன் டாடா அறக்கட்டளைதான், மதுரை தானம் அறக்கட்டளையுடன் சேர்ந்து 2000-ல் டாடா - தானம் அகாடமியைத் தொடங்கியது. கிராமங்களில் வேலை செய்ய இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் இடம் அது. அதாவது, ஆட்களுக்காகச் செலவு செய்திருக்கிறார்கள்.

சரி, கொடுப்பவர்களை மட்டும் குறை சொன்னால் போதுமா? வாங்குபவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதுவும் நம் வ.உ.சி. கதை!

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் போனது. சிறையிலிருந்து வந்து வறுமையில் இருந்த வ.உ.சி.க்கு அது உடனே வந்து சேரவில்லை. 1915-ல் தொடங்கிக் கடிதம் மேல் கடிதம். கடைசியில் 1916-ல் வந்தது 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். மகாத்மாவிடமே கணக்கு இப்படித் தாமதமானது என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்? ரசீது புத்தகம் முக்கியம் பாஸ்!

இன்றைக்கு விதிகளும் கறார். நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவமும் வேண்டும். அதே துறையில் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்கு 100 ரூபாய் நன்கொடை தந்தால், வருமான வரிக் கணக்கில் 85 ரூபாயைத்தான் செலவாக எடுத்துக்கொள்வார்கள். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. 'நாமே நேரடியாகச் செய்துவிடலாமே' என்று கொடுப்பவர்கள் யோசிக்க இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டுப் பாட்டியால் நடக்க முடியாது என்பதெல்லாம் சென்னையில் இருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்வந்த மாலை வகுப்பு அக்காவுக்குத் தெரியும்.

அதனால் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஃபேன் வாங்கித் தரும்போது, அதன் கீழே நிற்கும் அக்காவுக்கு மூன்று வருஷச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர்களுக்கு: ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். பெற்றோர் படிக்கட்டும்.

உங்கள் தெருவிலும் அப்படி ஓர் அக்கா இருக்கிறாரா? இந்த மாதம் அவருக்குச் சம்பளம் வந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.