ஜப்தி மட்டும் போதாது

2019 ஜூன் மாதம் ஐ.எம்.ஏ. நிறுவனம் மூடப்பட்டபோது பெங்களூர் சிவாஜிநகரில் திரண்டு நின்ற கூட்டத்தை இந்நகர மக்கள் மறந்திருக்க முடியாது. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த தொகை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம், நகை விற்ற காசு எல்லாம் அதில் முடங்கின. துபாய்க்கு ஓடிய நிறுவனர் அடுத்த மாதமே டில்லியில் பிடிபட்டார், வழக்கும் சி.பி.ஐ. வசம் போயிற்று. ஆனால் மோசடி செய்தவர் சிறைக்குப் போவதால் மட்டும் பணம் போட்டவர் கைக்கு ஒரு காசும் வந்துவிடாது.

பணத்தை மீட்பதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. டிபாசிட்தாரர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997-ல் இயற்றிய சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தீர்ப்பளித்தது. கர்நாடகம் 2004-ல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் டைரக்டர்களின் சொந்தச் சொத்தையும் ஜப்தி செய்யலாம். அரசு நியமிக்கும் அதிகாரி, விசேஷ கோர்ட்டின் உத்தரவு பெற்று அவற்றை விற்று, கிடைப்பதை விகிதப்படி பங்கிட்டுத் தருவார்.

ஆகவே சட்டத்தில் குறையில்லை. ஜப்திக்கும் ஏலத்துக்கும் நடுவே ஓடும் வருஷங்களில்தான் குறை. அந்தக் கட்டிடத்தை முன்பே வாங்கிவிட்டேன் என்று ஒருவர் வருவார். அடமானம் இருக்கிறது என்று ஒரு பாங்கி வரும். ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் வாய்தா. முறையற்ற டிபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ம் வருஷத்து மத்திய சட்டம், 180 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க கோர்ட்டு முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்ற சொல்லில்தான் எத்தனை வசதி! அறுபது வயதில் பணத்தைப் பறிகொடுத்தவர் எழுபது வயதில் அதை வாங்கி என்ன செய்வார்?

கர்நாடக அரசு இவ்வழக்குகளை மட்டும் விசாரிக்க நீதிபதிகளை ஒதுக்கித் தர வேண்டும். தகராறு இல்லாத சொத்துகளை மற்றவற்றுக்காகக் காத்திராமல் உடனே ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனு கோரும் அறிவிப்புகள் தமிழ், உருதுப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். பணம் போட்டவர்களில் பலர் படிப்பது அவற்றைத்தான்.

பணத்தை வாங்கித் தருகிறோம், கமிஷன் கொடுங்கள் என்று சில தரகர்கள் வீடு தேடி வருவதுண்டு. பணத்தைப் பங்கிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ரசீதையும் பாங்கி பாஸ் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். உரிய அதிகாரியிடம் நேரே மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.