தொட்டிலா, கட்டிலா?

“பிள்ளையைப் பக்கத்திலேயே போட்டுக்கிட்டாத்தான் நிம்மதி” என்று சொல்லாத தாய் உண்டா? சரிதான். கைக்கெட்டும் தூரத்தில் தூங்கட்டும். ஆனால் ஒரே பாயில் வேண்டாம். வீட்டு வேலையோடு வெடிக்குழாய் சுற்றிவிட்டு அசந்து தூங்கும்போது, நாம் புரண்டு படுப்பது நமக்கே தெரியாது.

தொட்டில் கட்டில் வாங்குகிறீர்களா? வீட்டில் பெரிய பிள்ளையின் ஸ்கேல் இருக்குமே, கையோடு எடுத்துப் போங்கள். கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. மெத்தை கெட்டியாக, தட்டையாக, ஓரத்தில் சந்தில்லாமல் பொருந்த வேண்டும். உங்கள் கட்டிலோடு சேர்த்துப் போடுவதானால் இரண்டுக்கும் நடுவே இடுக்கு இருக்கக் கூடாது. பக்கப்பலகை கீழே இறங்கும் பழைய கட்டிலை யார் கொடுத்தாலும் வேண்டாம். பிள்ளைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011-இல் அமெரிக்காவில் அதன் விற்பனையையே தடை செய்தார்கள். தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள்.

வாங்க வசதியில்லையா? கவலை வேண்டாம். தரையில் உங்கள் பாய்க்குப் பக்கத்தில் தனிப் பாய் விரித்து, ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் மடித்துப் போட்டால் போதும்.

சேலைத் தொட்டிலில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் பச்சைப்பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதனால் பகலில் கண் முன்னால் ஆட்டுவதோடு சரி. தூங்கியதும் பாயில் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: பட்டாசு ஆபீசுக்குக் கட்டிப் போன சேலையில் தொட்டில் கட்டாதீர்கள். அதில் மருந்துத் தூள் படிந்திருக்கும். வேலையிலிருந்து வந்தவர்கள் குளித்து, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். பாட்டியானாலும் சரி!