ஆறு ஜில்லா எல்லை பார்த்து ஓடுவதில்லை

2023 அக்டோபரில் ஒரு பகல் பொழுது. தாம்பரம் பகுதியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், காய்கறிக் கூடையோடு நின்ற பெண்கள் என்று பலருடைய கைப்பேசிகளும் திடீரென்று அலறின. சிலர் பயந்தே போனார்கள். அது சர்க்கார் நடத்திய சோதனை என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளம், புயல் வரும்போது ஜனங்களை எச்சரிக்கும் ஏற்பாட்டை நாடு முழுவதும் பரிசோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பரபரப்பு அன்றோடு அடங்கிவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை: உண்மையிலேயே வெள்ளம் வரும்போது இந்த அலறல் யாருடைய கைப்பேசியில் கேட்கும்? அதைத் தீர்மானிப்பது யார்?

"இதெல்லாம் இஞ்சினியர்கள் விவகாரம், நமக்கெதற்கு?" என்று சில தோழர்களே நினைக்கிறார்கள். அந்த அபிப்பிராயம் தவறு. ஏன் என்பதை முடிச்சூரிலிருந்தே பார்ப்போம்.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரழிவு என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது நாடே பேசியது. அன்றிலிருந்து மழை வந்தாலே "செம்பரம்பாக்கம் திறந்தாச்சா?" என்பதுதான் எல்லோர் வாயிலும். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றோடு கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அந்த மக்களை மூழ்கடிப்பது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் கலங்கல் தாண்டி வரும் தண்ணீர். தண்டவாளத்துக்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று போனால் கதையே வேறு. அங்கே விழும் மழை ஏரிக்கு ஏரி தாண்டிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. ஒரே தாம்பரத்தில் இரண்டு திசைகள், மூன்று விதமான அபாயங்கள்.

சர்க்காரின் கணக்கில் இருப்பதோ ஜில்லா. 2019-ல் செங்கல்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்த பிறகு முடிச்சூர் செங்கல்பட்டில் இருக்கிறது, பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மூழ்கடிக்கும் தண்ணீர் ஒன்றுதான். "செங்கல்பட்டு மாவட்டத்தில் கனமழை" என்று ஒரு செய்தி வந்தால் கடலோரத்து மாமல்லபுரமும் அலற வேண்டும், முடிச்சூரும் அலற வேண்டும். வரதராஜபுரம் மட்டும் தூங்கலாம்! நாலு முறை வீணாக அலறினால் ஐந்தாவது முறை மனிதன் என்ன செய்வான்? அந்த வசதியையே அணைத்து வைத்துவிடுவான். உண்மையான அபாயம் அதற்குப் பிறகு வரும்.

இதற்கு விதிமுறை இல்லையா என்றால், இருக்கிறது. ஒயாசிஸ் என்ற சர்வதேச ஸ்தாபனம் வகுத்த 'கேப்' என்னும் பொது எச்சரிக்கை முறையின் 1.2 பதிப்பு 2010-ல் வெளிவந்தது. மத்திய சர்க்காருக்காக சி-டாட் நிறுவனம் தயாரித்த 'சசேத்' ஏற்பாடும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. எச்சரிக்கைக்கு உரிய இடத்தை வார்த்தைகளில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது விதி. அதோடு வரைபடத்தில் புள்ளிகளை இணைத்து எல்லை போடலாம். ஒரு மையமும் தூரமும் கொடுத்து வட்டம் போடலாம். அல்லது ஏதாவது ஒரு குறியீட்டு எண்ணைத் தரலாம். எந்தக் குறியீடு என்பதை அந்தந்த நாடே முடிவு செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நெகிழ்வு என்றால் இதுதான். ஆற்றின் போக்கிலேயே எல்லை போட விதியில் தாராளமாக இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஜில்லாவின் பெயரை எழுதிவிட்டுப் போனால் அது அதிகாரிக்குத்தான் எளிமை, முடிச்சூர்க்காரனுக்கு அல்ல.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெகிழ்வு, நெகிழ்வு என்று நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் இருப்பிடம் மாறும்போது செய்தி அனுப்புவதற்கான இன்டர்நெட் விதிமுறை ஒன்று 2012-ல் வெளிவந்தது. இத்தனை தூரம் நகர்ந்தால் மட்டும் சொல், இந்த வேகத்தைத் தாண்டினால் மட்டும் சொல், இந்த எல்லைக்குள் நுழைந்தாலோ வெளியேறினாலோ சொல் என்று அதிலே சல்லடை போடலாம். லாரிக் கம்பெனிக்கு இது உதவும். வெள்ள எச்சரிக்கையில் இத்தனை சல்லடையையும் வைத்தால் ஒரு கம்பெனியின் கருவி பாதியைப் புரிந்துகொள்ளும், இன்னொன்று வேறு பாதியைப் புரிந்துகொள்ளும். நடுவில் விழுகிறவன் மலிவான கருவி வைத்திருப்பவன்.

அமெரிக்காவில் 2018-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். குறித்த எல்லையைத் தாண்டி ஒரு மைலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எச்சரிக்கை போகக் கூடாது என்றார்கள். எல்லையின் வரைபடமும் செய்தியோடு கைப்பேசிக்குப் போகும். கைப்பேசி தான் இருக்கும் இடத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய கருவிகளால்தான் அது முடியும். பட்டன் போன் வைத்திருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சித்தாளுக்கும் அது கிடையாது.

கோபுரத்திலிருந்து பரப்பும் முறை இதைவிட முரடு. ஆனால் பழையது, உறுதியானது. ஒரு காலத்தில் சாதாரண போனின் திரையில் கூட 'தாம்பரம்', 'குரோம்பேட்டை' என்று ஊர்ப்பெயர் தானாகத் தோன்றியதே, அது இந்த வழியில் வந்ததுதான். உங்கள் நம்பர், பெயர் எதுவும் அதற்குத் தேவையில்லை. கோபுரத்தின் வீச்சுக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். செயலியைப் போட்டுக்கொள், நீ இருக்கும் இடத்தைச் சொல் என்று கேட்கிற ஏற்பாடுகளைவிட இது எவ்வளவோ மேல். (யார் எங்கே இருக்கிறான் என்ற விவரம் யார் கைக்குப் போகிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

ஆகவே நமது கோரிக்கை இதுதான். எல்லை போடும் பக்கத்தில் நெகிழ்வு வேண்டும், ஜனங்கள் பெறும் பக்கத்தில் எளிமை வேண்டும். ஏரியையும் கால்வாயையும் வைத்துப் பகுதி பிரித்து, இரண்டு ஜில்லாக்களுக்கும் பொதுவாக ஒரே குறியீடு தர வேண்டும். புள்ளிகளை இணைத்த எல்லை, வட்டம், இந்தக் குறியீடு ஆகிய மூன்றோடு சல்லடையை நிறுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்குள் நடக்கும் பரிசோதனையைக் கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு விஷயம் கட்டாயம்: எல்லையைப் புரிந்துகொள்ளத் தெரியாத கருவி செய்தியை விழுங்கிவிடக் கூடாது, காட்டியே ஆக வேண்டும். தேவையில்லாமல் ஒருவனை எழுப்பினால் அவன் திட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வான். எழுப்ப வேண்டியவனை எழுப்பாவிட்டால்?

செய்தி தமிழில் வர வேண்டும். கட்டிட வேலைக் கொட்டகைகளில் இருக்கும் ஒடியா, வங்காளி, இந்தித் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியிலும் வர வேண்டும். ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் அனுப்ப 'கேப்' முறையிலேயே இடம் இருக்கிறது. 2015-ல் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பே அற்றுப்போனதை மறக்க முடியாது. ஆகவே மைக் கட்டிய வண்டியும் அதே செய்தியைத் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-ல் தமிழக சர்க்கார் உத்தரவிட்டது சரியே. ஒரு ஜாதியின் தோளில் பறையை மாட்டி ஊருக்குச் செய்தி சொன்ன காலம் போகட்டும். ஆனால் அதற்குப் பதிலாகச் சொன்ன ஒலிபெருக்கி வண்டி மழை நாளில் தெருவுக்கு வருகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. எல்லையை வரையும்போது தலைநகரில் உட்கார்ந்து படத்தில் மட்டும் கோடு போட வேண்டாம். எந்த ஏரி எந்த நேரத்தில் வழியும், எந்தத் தெருவில் முதலில் முழங்கால் தண்ணீர் ஏறும் என்பது ஏரி நீர்கட்டிகளுக்கும் அந்தத் தெரு மக்களுக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் போட்டு அதை எழுதி வாங்க வேண்டும். சர்க்கார் செய்கிறதோ இல்லையோ, நமது கிளைகள் இந்த வேலையை ஆகஸ்டிலேயே தொடங்கலாம். முடிச்சூரும் வரதராஜபுரமும் சேர்ந்து முதல் கூட்டத்தை நடத்தட்டும்.