கொடுத்தால் வாழும் கொடி

முல்லைக் கொடி படர்வதற்காகத் தன் தேரையே விட்டுவிட்டு நடந்து சென்ற பாரி வள்ளலின் கதையை நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். செடி கொடிகளிடம் அன்பு காட்டுவது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் அந்த அன்பு இன்று எங்கே வந்து நிற்கிறது? பச்சை இலையில் வெள்ளையும் மஞ்சளும் தெளித்தாற்போல் தோன்றும் அரிய வீட்டுச் செடிகளின் மீது உலகெங்கும் ஒரு மோகம் பரவியிருக்கிறது. நியூசிலாந்து நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒன்பதே இலைகள் கொண்ட அத்தகைய கொடி ஒன்று 27,100 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் அது ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய்!

போலகம் போன்ற சிற்றூரில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்த விலையுயர்ந்த கொடியின் நெருங்கிய உறவு நம் வீட்டு ஜன்னலோரத்தில், பழைய பாட்டிலில் நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் மணி பிளான்ட். நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். அரிய செடியை ஒளித்து வைப்பவர் அதைக் காப்பவர் அல்லர். அதில் ஒரு துண்டைப் பிறருக்குக் கொடுப்பவரே காப்பவர்.

இதன் காரணத்தைச் செடியிடமே கேட்போம். இலையின் பச்சைப் பகுதியில் பச்சையம் இருக்கிறது. அது வெயிலின் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. ஆகவே அது பக்கத்துப் பச்சைப் பகுதி சமைத்ததை உண்டே வாழ்கிறது. கண்ணைக் கவர்வது வெள்ளை. வீட்டை நடத்துவது பச்சை! முழுவதும் வெளுத்த தளிர் மிக அழகாக இருக்கும். ஆனால் தனியே வாழும் வலிமை அதற்கு இல்லை. முழுவதும் பச்சையான கிளையோ வேகமாக வளர்ந்து மற்றக் கிளைகளை அமுக்கிவிடும். இரண்டும் அளவோடு கலந்த கொடி மெல்லத்தான் வளரும். அந்தக் கலப்பு பெரும்பாலும் விதையின் வழியே அடுத்த தலைமுறைக்கு வருவதில்லை. தண்டின் துண்டு ஒன்றே வழி. ஒரே வீட்டில் ஒரே தொட்டியில் மட்டும் அந்தச் செடி இருந்து, ஒரு மழைக்காலத்தில் வேர் அழுகிப் போனால் என்ன ஆகும்? அத்துடன் அது தீர்ந்தது.

மணி பிளான்ட்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. தென் பசிபிக் கடலில் தாகித்திக்கு அருகே உள்ள மூரேயா என்னும் சிறு தீவே அதன் பிறந்தகம். 1954-ஆம் ஆண்டு வரை நம் காரைக்காலில் பறந்த பிரெஞ்சுக் கொடி அந்தத் தீவில் இன்றும் பறக்கிறது. 1880-ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தாவரவியலார் இக்கொடிக்குப் பெயரிட்டபோது அதுவும் ஓர் அரிய செடியே. வியப்பு என்னவெனில், இது பூப்பதே இல்லை எனலாம். வளர்ப்பில் இது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவான ஆண்டு 1964. பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் ஊக்கியைப் போதிய அளவு உண்டாக்க முடியாத மரபணுக் குறையே காரணம் என்று 2016-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. அப்படியானால் போலகம் வரை அது வந்தது எப்படி? ஒருவர் கிள்ளிக் கொடுக்க, மற்றவர் வாங்கி வைக்க, கை மாறிக் கை மாறியே வந்தது. கொடுத்த கைகள் இல்லையேல் அது அந்தச் சிறு தீவிலேயே கிடந்திருக்கும்.

"மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் பணம் சேரும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இதை நாம் ஏற்கவில்லை. அவசரத்தில் பறித்தது கணு இல்லாத வெறும் இலையாக இருந்தால், எத்தனை நாள் நீரில் வைத்தாலும் அது புதுக் கொடி ஆகாது. கேட்டுப் பெற்றால், கணுவோடும் விழுதோடும் நல்ல துண்டாக, வளர்க்கும் முறையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கேட்டால் கொடுக்கிற ஊரில் திருட்டுக்கு என்ன வேலை?

கொடுப்பது மட்டும் போதாது. பெற்றவர் பேணவும் வேண்டும். வெள்ளை கலந்த இலைக்கு முழுப் பச்சை இலையைவிட அதிக வெளிச்சம் தேவை; ஆனால் உச்சி வெயில் பட்டால் வெள்ளைப் பகுதி கருகிவிடும். கிழக்கு ஜன்னலின் காலை வெளிச்சம் சாலச் சிறந்தது. மண்ணில் விரலை ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். தென்னை நார்த்தூள், மணல், மட்கிய இலை, சிறிது கரித்துண்டு ஆகியவை கலந்த மண்ணில் நீர் தேங்காது. நம் கடலோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். உப்பு ஏறினால் இலையின் நுனி பழுப்பாகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை நீரைச் சேர்த்து, மூடி வைத்து ஊற்றுவது நலம். முழுப் பச்சைக் கிளையோ முழு வெள்ளைத் தளிரோ வந்தால், இரண்டும் கலந்த கணு வரை வெட்டிவிட வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

பெற்றோர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இக்கொடிகள் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணை நாவில் அரிப்பது போலவே இவற்றின் சாறும் வாயையும் தொண்டையையும் அரித்து வீங்கச் செய்யும். கைக்குழந்தைக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்தது, பாட்டிலிலும் தொட்டியின் அடித்தட்டிலும் நிற்கும் தெளிந்த நீரே டெங்குக் கொசு முட்டையிடும் இடம். வாரம் ஒரு முறையேனும் அந்த நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழகுக்கு வைத்த செடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாதல்லவா?

விலை கொடுத்து வாங்குவதே தவறு என்று நாம் கூறவில்லை. ஆந்திராவில் கடியம் போன்ற ஊர்களில் நாற்றுப் பண்ணைகளை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். அருமை ஒன்றையே விலையாக்கும் மோகத்தைத்தான் மறுக்கிறோம். அந்த அருமையும் நிலைப்பதில்லை. வெள்ளைப் புள்ளி தெளித்த ஒரு மான்ஸ்டிரா வகை ஒரு காலத்தில் பெரும் பணக்காரர் மட்டுமே வாங்கக் கூடியதாக இருந்தது. திசு வளர்ப்பு முறையில் அதைப் பெருமளவில் பெருக்கிய பின், விலை வெகுவாக இறங்கிவிட்டது. இலையின் அழகு மட்டும் அப்படியே இருக்கிறது!

"கொடுக்கச் சொல்கிறீர்களே, வேலியோரத்தில் வீசிவிடலாமா?" என்று கேட்டால், கூடவே கூடாது என்போம். பூக்காத மணி பிளான்ட் கூட, தோட்டத்திலிருந்து தப்பி இலங்கையின் காடுகளில் தரையெல்லாம் பரவி, அங்குள்ள சிறு செடிகளை மூடுகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டும் பேணும் ஒரு கையில் போய்ச் சேர வேண்டும். வெட்டி எறிவதைக் காய வைத்து அழிக்க வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாதத்தில் ஒரு நாளை நம் பள்ளியில் "துண்டு மாற்று நாள்" எனக் கொண்டாடலாம். ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டுக் கொடியில் கணுவோடு ஒரு துண்டும், அதை வளர்க்கும் முறை எழுதிய ஒரு சீட்டும் கொண்டு வரட்டும். வேறொரு துண்டை வாங்கிச் செல்லட்டும். இதற்குக் காசு செலவில்லை. தோட்டம் இல்லாத வீட்டு மாணவிக்கும் ஒரு செடி கிடைக்கும். யாரேனும் ஒருவர் வீட்டில் பட்டுப்போனால், மற்றொரு வீட்டிலிருந்து மீண்டும் பெறலாம்.

அன்னையரும் சகோதரிகளும் இக்கருத்தை ஆதரித்து, வரும் தை மாதமே இதைத் தொடங்கி வைப்பார்கள் என்று நம்புகிறோம். அரியதை ஒளித்து வைக்காமல், கொடுத்து வளர்க்கக் கற்போமாக!